கொட்டாஞ்சேனையில் நாற்பத்து மூன்று சாவிகள்

காலை 8.10, கொழும்பு வெள்ளவத்தை. சந்தைக்கு முன்னால் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கொட்டாஞ்சேனைக்கு எண்பது ரூபாய்ச் சீட்டு. பதினொரு கிலோமீற்றர்தான் இருக்கும். நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது.

திருகோணமலைக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் கரையில் அணுமின் நிலையம் கட்டலாமா என்று பார்க்க ஆட்கள் வந்து மண்ணைத் துளைத்துப் போயிருந்தார்கள். ஊர்ப் பெடியங்களுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். அன்று பிற்பகல் வெள்ளவத்தையில் அதற்கான கூட்டம். சங்கத்தின் சம்மதக் கடிதம் என் பையில் இருந்தது. தலைவர் யோகன் அண்ணை கையெழுத்து வைத்துவிட்டார். என்னுடையதுதான் பாக்கி.

முதல் நாள் தங்கிய வீட்டில் மச்சான் சிவா சொன்னான்: "கையெழுத்து வைக்க முதல் கொட்டாஞ்சேனையில இருக்கிற றெஜினா அக்காவை ஒருக்காப் பார். ஜப்பானில அப்பிடி ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில இருந்தவ."

காலை 9.25, கொட்டாஞ்சேனை. மூன்றாம் மாடி. கதவைத் திறந்த றெஜினா அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். "சேர்ட்டை வெளியில ஒருக்கா உதறிப்போட்டு வாங்க தம்பி" என்றார். உதறினேன். உள்ளே சூளை போல வெக்கை. யன்னல்கள் எல்லாம் பூட்டி, விளிம்புகளில் பட்டியாக ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. தோய்த்த உடுப்புகள் ஹோலுக்குள் கொடி கட்டிக் காய்ந்தன.

நான் பார்ப்பதை அவர் கண்டுகொண்டார். "இங்க கதிர்வீச்சு ஒண்டும் இல்லயெண்டு எனக்குத் தெரியும். ஆனா கை கேக்குதில்ல."

சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாகக் கார்ச் சாவிகள். "நாப்பத்து மூண்டு" என்றார். அவருடைய கணவர் ஜப்பானில் பழைய கார் வாங்கி விற்றவர். கார்கள் நிறுத்திய யாட், அணுமின் நிலையத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர். நிலநடுக்கமும் கடலும் வந்த மறுநாள் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்களாம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்துச் சாவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

"பல மாதத்துக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் உள்ளுக்கு விட்டவங்க. அவங்க தந்த வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புப் போட்டுத்தான் போனம். ரோட்டில மஞ்சள் லைற் மின்னி மின்னி அணையுது, போக ஒரு வாகனம் இல்ல. கடையில சாமான் அடுக்கினபடி. எங்கட கார் எல்லாம் வரிசையா நிக்குது. ஒரு கீறல் இல்ல தம்பி. கண்ணால பாக்க ஒரு பிழையும் இல்ல. இவர் ஆசையா ஒரு கதவில கை வச்சார். கூட வந்த ஆள்ட கதிர்வீச்சு அளக்கிற மீற்றர் டிக், டிக், டிக் எண்டு..."

அந்த நேரம் சுவரில் பல்லி சத்தமிட்டது.

அக்காவின் வாய் பாதியில் நின்றது. அவர் பல்லியைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று தெரியாமலே நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். அதன் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"அவர் போன வருசம் மாரடைப்பில போயிட்டார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா கடைசி வரைக்கும் அந்தக் கையைச் சோப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தவர்."

காலை 10.40. வெளியே வந்தேன். அக்காவின் தம்பி அன்ரன் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். சோலர் பனல் பூட்டுவது அவர் தொழில். பன்னிரண்டு தகடுகள் துறைமுகத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. ஒன்றின் கண்ணாடி வெடித்திருந்தது.

"இது உடைஞ்சா என்ன செய்வியள்?" என்றேன்.

"கூட்டி அள்ளிப் போட்டு வேற பூட்டுவன்" என்று சிரித்தார். "இரவைக்கு பற்றரி வேணும், அதுக்குச் செலவுதான். கரண்ட் எடுக்கக் காத்தாடி வைக்கிறதெண்டாலும் ஊர்ச் சனத்தைக் கேட்டுத்தான் வைக்கவேணும். ஆனா அந்த நிலையம் கட்டி முடிக்கவே பத்துப் பதினைஞ்சு வருசம். பிறகும் எரிபொருளுக்கு வெளிநாட்டிட்டக் கை நீட்டவேணும். வெயில் இங்கதானே இருக்கு."

பிற்பகல் 2.00, வெள்ளவத்தை. குளிரூட்டிய மண்டபம். புகையில்லாத மின்சாரம் என்று ஒருவர் திரையில் படம் காட்டினார். அது பொய்யுமில்லை. நான் எழுந்து கேட்டேன்: "பாவிச்சு முடிஞ்ச எரிபொருளை எங்க வைப்பீங்கள்?"

"அது பிறகு தீர்மானிக்கிற விசயம்."

"எவ்வளவு காலம் காவல் இருக்கவேணும்?"

"நீண்ட காலம்" என்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் கையெழுத்து வைக்கவில்லை. மீனுக்குக் குளிர் அறையும், அதை ஓட்டச் சோலரும் வேண்டும் என்று வேறொரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

மாலை 5.00, புறக்கோட்டை. திருகோணமலை பஸ் புறப்பட்டது. வெள்ளவத்தையில் வீடு சரிவராதவர்கள் பக்கத்துத் தெஹிவளையில் தேடுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கரையை விட்டால் போக வேறு கரை இல்லை. இதை நினைத்துக்கொண்டிருக்கையில் யோகன் அண்ணை அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"என்ர மகன் அந்த வேலையை நம்பி வெளிநாட்டுப் பயணத்தையும் விட்டவன்" என்றார். "அவனுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

"நீங்கள் சொல்லவேண்டாம் அண்ணை. விடிய நான் வந்து சொல்லுறன்."