ட்யூப்லைட்டில் பார்த்த நீலம்

சிங்கப்பூர் தேக்காவில் துணிக்கடைப் பெண், "வாசல் வெயில்ல பாருங்கம்மா, உள்ள லைட்ல கலர் வேற மாதிரி தெரியும்லா" என்றாள். எனக்கு முகம் சுட்டது.

பன்னிரண்டு வயதில், அக்காவின் நீலக் கல்யாணச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்க, செம்பவாங்கில் அப்பாவின் நெருங்கிய கூட்டாளி பாயின் கடைக்குப் போனேன். பாயும் வெயிலில் பார்க்கச் சொன்னார். "விளக்குல இல்லாத நிறத்தைத் துணி எப்படிம்மா காட்டும்?"

"எனக்குக் கண்ணு தெரியும்" என்று ட்யூப்லைட்டிலேயே பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டு வாசலில் பிரித்தால் துணி ஊதா! அடிக்குப் பயந்து, "பாய் மாத்திக் கொடுத்துட்டார்ப்பா" என்றேன்.

கடை நிறைய ஆள் இருக்க அப்பா அவரைத் திட்டினார். பாய் என்னைப் பார்த்தார். "பிள்ளை சொன்னா சரிதான்" என்று வேறு துணி கிழித்துக் கொடுத்தார்.

அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இப்போதுதான் சொல்கிறேன், பாய் மாற்றவில்லை.