பச்சைப் பாப்பா

பக்கத்து அறையில் பேனர் அடிக்கிற மெஷின் நின்றது.

அது ஓடுகிற சத்தம் பேனரம்மாவின் காதில் விழுவதே இல்லை. தன் மூச்சின் சத்தம் யாருக்குக் கேட்கிறது, நின்றால்தானே தெரியும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரு துணிக்கடை முதலாளியிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். மையைத் தெளித்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும் மெஷினின் தலையை நடுவேலையில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்துவிடும். விழுந்த கோட்டை அழிக்க ஆண்டவனாலும் ஆகாது. அந்த பேனரையே மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆபரேட்டருக்கு இது தெரியாததல்ல.

அவரே கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, உங்களைப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க."

"அதுக்கு ஓடுற மெஷினை நிறுத்துவாங்களா?"

"இல்லம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பச்சைப் பாப்பா மாதிரியே இருக்காங்க."

பேனரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சைப் பாப்பா என்பது அந்தக் கம்பெனியின் சோதனைப் படம். காலையில் மெஷினை முடுக்கியதும், எந்த வாடிக்கையாளரின் வேலையைத் தொடுவதற்கு முன்பும், பச்சை கவுன் போட்டு முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கும் ஒரு சின்னப் பெண்ணின் முகத்தை அடித்துப் பார்ப்பார்கள். அந்தக் கன்னத்தின் நிறம் சரியாக வந்தால் மற்ற எல்லா நிறமும் சரி. சிவப்பு தூக்கலாக விழுந்தால், "பாப்பாவுக்கு இன்னிக்குக் காய்ச்சல்" என்பார் ஆபரேட்டர். மஞ்சள் கூடிப்போனால் காமாலை. மையின் வழி அடைத்துக்கொண்டு முகம் வெளுத்துப்போனால், "ராத்திரி சாப்பிடாம தூங்கிட்டா போல" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். பேனரம்மாவும் சிரிப்பாள். பார்த்து முடிந்த முகத்தைச் சுருட்டிக் குப்பையில் போடுவார்கள். அதை மட்டும் அவள் நின்று பார்க்க மாட்டாள்.

பாப்பா அவள் பெற்ற மகள். இப்போது வேலையில் இருக்கும் யாருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை.

கணவன் கண்ணை மூடியபோது அவள் கையில் இருந்தவை இரண்டு. விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகம், முன்பல் ஆடத் தொடங்கியிருந்த ஒரு மகள். கார்டு அடித்து வயிறு கழுவ முடியாது என்று அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஊரெல்லாம் பேனரும் போர்டுமாக மாறிக்கொண்டிருந்த காலம். குடியிருந்த வீட்டை விற்று, பழைய பெரிய டிஜிட்டல் மெஷின் ஒன்றை வாங்கி அச்சகத்தில் இறக்கினாள். பின்னறையிலேயே பாயை விரித்துக்கொண்டார்கள் இருவரும். சொந்தக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பொம்பளைக்கு எதுக்கு இந்த யானை என்று கேட்டவர்களும் உண்டு.

யானை அவளைக் கைவிடவில்லை. பிள்ளையைத்தான் கூட இருக்க விடவில்லை. அந்த மையின் வாடை மண்டையைப் பிளக்கும். கண் எரியும். அந்தப் பின்னறையில் படுத்த முதல் வாரத்திலேயே பாப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. குருவிக் குஞ்சைப் போல நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தையை அங்கே வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் கொண்டுபோய் விட்டாள். அன்று கிளம்பும்போது எடுத்த படம்தான் அந்தப் பச்சை கவுன்.

கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பிள்ளையைக் கூட்டிவர நினைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பெரிய வேலை குறுக்கே வந்தது. ஒரு மெஷின் இரண்டாயிற்று. அச்சகம் கம்பெனியாயிற்று. பேருந்தின் முதுகிலும் கடைகளின் நெற்றியிலும் அவள் அடித்தவை ஏறின. பள்ளிக்கூட லீவில் பிள்ளை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்புறம் லீவுக்கும் வருவது நின்றது. கல்யாணத்தை அக்காதான் முன்னின்று நடத்தினாள். பேனரம்மா விருந்தாளி மாதிரி போய் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் நீலம் கொஞ்சம் அதிகம் என்று மனதுக்குள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இப்போது வந்திருக்கும் மூன்றாவது மெஷின் வேறு ரகம். தண்ணீரில் கரைத்த மை. முகத்தை ஒட்டிவைத்து மோந்தாலும் வாடை கிடையாது. அதை நம்பி எதற்கு இவ்வளவு முதல் போடுகிறாள் என்று எல்லாரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், ஓட்டல்கள் எல்லாம் இனி இதைத்தான் கேட்பார்கள் என்று அவள் கணக்குச் சொன்னாள். அது உண்மையும்கூட. மாடியில் ஒரு அறைக்குப் புது ஜன்னல் வைத்து, கட்டில் போட்டு, பூட்டி வைத்திருந்ததைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகள் மெஷின் அறையில், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள்.

பேனரம்மா நாலடி வேகமாகப் போனாள். போனவள், மகளின் முகம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டென்று இரண்டடி பின்னால் வைத்து நின்றாள்.

பெரிய படங்களோடு பழகியவர்களின் வழக்கம் அது. கிட்டே நின்றால் வெறும் புள்ளிகள்தான் தெரியும். தள்ளி நின்றால்தான் புள்ளிகள் கூடி முகமாகும். மகளின் கண் அவள் கால்களுக்குப் போய்த் திரும்பியது.

"வாடி" என்றாள் பேனரம்மா. "சொல்லாம கொள்ளாம வந்திருக்க."

ஆபீஸ் வேலையாக வந்ததாகவும், முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒன்றைப் பார்த்ததாகவும் மகள் சொன்னாள். ஃபோனை எடுத்து நீட்டினாள்.

பேருந்து நிலையத்து முக்கில் வீடு விற்கிற கம்பெனியின் பெரிய விளம்பரம். ஒரு வீடு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று போட்டிருந்தது. அதன் கீழ் ஓரத்தில், ஆளுயரத்துக்குப் பச்சைப் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.

புது மெஷினைப் பழக்கும்போது பாப்பாவைப் பெரிதாக அடித்துப் பார்த்திருந்தார்கள். அதை வெட்டி எடுக்க மறந்து, அதே சுருளில் விளம்பரத்தையும் அடித்து அனுப்பிவிட்டார்கள். கட்டப் போனவர்கள் பிள்ளையும் விளம்பரத்தோடு சேர்த்திதான் என்று நினைத்து அப்படியே இழுத்துக் கட்டிவிட்டார்கள். இதில் வேடிக்கை, வீடு விற்கிறவர் அன்று காலையில்தான் ஃபோன் பண்ணி, கேட்காமலே குழந்தையைச் சேர்த்த யோசனை பிரமாதம் என்று பாராட்டியிருந்தார். எந்தக் குழந்தை என்று பேனரம்மாவுக்குப் பிடிபடவில்லை. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

"தெரியாம போயிடுச்சு. நாளைக்கே எடுத்துடச் சொல்றேன்" என்றாள் பேனரம்மா.

"அதுக்காக வரலம்மா. பாத்ததும் ரோட்டுலயே நின்னுட்டேன். கால் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது பேனரம்மாவுக்கு. தப்பாகக் கட்டிய பேனர் தன் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டதே என்று நெஞ்சு பொங்கியது. மளமளவென்று பேச ஆரம்பித்தாள். புது மெஷினின் மூடியைத் திறந்து, இங்க வா, மோந்து பாரு, துளி வாடை இருக்கா சொல்லு என்றாள். மாடி அறையைச் சொன்னாள். ஜன்னலைச் சொன்னாள். மருமகனுக்கும் இங்கேயே நல்ல வேலை கிடைக்கும் என்றாள். கம்பெனியை இனிமேல் நீதான் பார்க்கணும், எனக்கு யார் இருக்கா என்றாள். குரல் இறங்கிப்போனது.

"இனிமே இங்க உனக்கு இழுப்பு வராதுடி."

மகள் மெஷினின் விளிம்பைத் தடவியபடி நின்றாள்.

"எனக்கு இழுப்பு நின்னு ரொம்ப வருஷமாச்சும்மா. வயசுக்கு வந்தப்பவே நின்னுடுச்சு. பெரியம்மா சொல்லலையா?"

அக்கா சொல்லியிருப்பாள். ஏதோ ஒரு நாள், இங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபோனில் சொல்லியிருப்பாள். பேனரம்மா ம் கொட்டியிருப்பாள்.

"சின்ன வயசுல நான் ஓடி வருவேன், நீ பின்னாடி போவ" என்றாள் மகள். "இப்பவும் போன."

"என் மேலெல்லாம் மை வாடைடி. உனக்கு ஒத்துக்காதேன்னு..."

"இப்பதான் வாடை இல்லங்கறியே."

மை வாடைக்குப் பயந்து ஒதுங்கியது எப்போது முடிந்தது, தள்ளி நின்று பார்ப்பது எப்போது கால்களுக்குப் பழகிப்போனது என்று பேனரம்மாவுக்கே தெரியாது.

மகள் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அங்கே பெரியம்மாவுக்கு முட்டி வலி, தன்னை விட்டால் ஆளில்லை என்றாள். தனக்கு அங்கேதான் எல்லாம் என்றாள். மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விடலாமே என்று, நல்ல மனதோடுதான், சொன்னாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

வாசல்வரை வந்த பேனரம்மா ஃபோனை எடுத்தாள்.

"ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

"எதுக்கு, கலர் பாக்கவா?" கேட்டுவிட்டு மகளே லேசாகச் சிரித்தாள். பல் எல்லாம் முளைத்த சிரிப்பு.

"இல்ல. நான் பாக்க."

பேனரம்மா ஃபோனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாள். இன்னும் கிட்டே போனாள். மகளின் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. திரையில் ஒரு கண்ணும், ஒரு கன்னமும், காதோரம் ஒட்டிய ஈர முடியும் மட்டுமே விழுந்தன.

"கொஞ்சம் பின்னாடி போம்மா. பாதி மூஞ்சிதான் விழும்."

"பரவால்ல. நான் போகல."

எடுத்துக்கொண்டாள். மகள் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். திரும்பிப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. வெயிலில் கண் கூசியது.

அது ஸ்பிரிங் வைத்த கதவு. உள்ளே தூசி வரக் கூடாது என்று அவளே போட வைத்தது. யார் போனாலும் தானே சாத்திக்கொள்ளும். பேனரம்மா அதைச் சாத்தவிடாமல் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். தெருவில் ஆள் மாற்றி ஆள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மா" என்றார் ஆபரேட்டர் பின்னாலிருந்து, மெதுவாக. "தூசி வருதும்மா."

அவள் விலகினாள். கதவு சாத்திக்கொண்டது.