வெற்றிலைப் படகில் நின்றுபோன எஞ்சின்

பரமத்தி வேலூரில் என்னை வேலைக்கு வைத்தவர் பெரிய வெற்றிலைக் கொடிக்கால்காரர். வெற்றிலை வாடுவதற்குள் காவிரியைக் கடந்து அக்கரையில் ரயிலேற்றியாக வேண்டும். ஆறு இழுக்கிற நாட்களில் பரிசல் போய்ச் சேருவதற்குள் ரயில் போய்விடும். அதனால் சேலத்தில் ஒரு பழைய கார் எஞ்சினை வாங்கிவந்து, ஆளை வைத்து அகலமான மரப்படகு ஒன்றில் பொருத்தினார். அதை ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓமலூர்க்காரன். அரிசி மில் எஞ்சின் பார்த்தவன், கொஞ்ச காலம் பஸ்ஸும் ஓட்டியிருந்தேன். படகில் ஏறியது அதுதான் முதல் தடவை.

சுக்கான் பிடிக்க அந்தத் துறையிலேயே பரிசல் தள்ளிக்கொண்டிருந்த ஒருவரை வைத்திருந்தார் முதலாளி. என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். மோட்டார் படகு வந்ததால் மற்றப் பரிசல்காரர்களுக்கு வெற்றிலைச் சுமை போய்விட்டது. அவர்களில் இவருடைய தம்பியும் ஒருவன். அவன் கரையில் உட்கார்ந்து எங்கள் படகைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டாங்கி படகின் பின்பக்கம், பலகைக்கு அடியில் தாழ்வாக இருந்தது. எஞ்சின் நடுவில், அதைவிட உயரத்தில். தாழ்விலிருந்து பெட்ரோல் தானாக ஏறாது. டாங்கிக்குள் கைப்பம்பால் காற்றடித்து, அந்த அழுத்தத்தில்தான் பெட்ரோலைக் குழாய் வழியே தள்ளவேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் எஞ்சினே காற்றை அடித்துக்கொள்ளும். அழுத்தம் எவ்வளவு என்று காட்ட என் முன்னால் ஒரு கேஜ் இருந்தது.

ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் நட்டாற்றில் எஞ்சின் இருமியது. கேஜைப் பார்த்தேன், முள் இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. இருந்தாலும் கைப்பம்பை அடித்தேன். முள் ஏறியது, எஞ்சின் நின்றுவிட்டது. மூங்கிலை ஊன்றிக் கரை சேர்ந்தோம். ரயில் போய்விட்டது. கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். காற்று தாராளமாகப் போயிற்று. திரும்ப மாட்டிக் கிளப்பினால் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே. போகும்போது நிற்கும், வெறும் படகாகத் திரும்பும்போது நன்றாக ஓடும். அழுத்தம் இருந்தும் பெட்ரோல் வரவில்லை என்றால் வழியில் ஏதோ அடைக்கிறது. பார்க்கும்போது இல்லை என்றால் அது டாங்கிக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அப்படித்தான் என் புத்தி போயிற்று. டாங்கியைக் காலி செய்து பெட்ரோலைத் துணியில் வடிகட்டினேன். துணியில் சின்னதாக ஒரு வாழைநார் கிடந்தது.

வெற்றிலை கட்டுவது வாழைநாரில்தான். படகு முழுக்க நார் கிடக்கும், பெட்ரோல் ஊற்றும்போது ஒன்று விழுந்திருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. டாங்கிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர் யார், யாருடைய தம்பிக்குச் சுமை போயிற்று என்றுதான் யோசித்தேன். அதிலிருந்து சுக்கான்காரரின் கையை விட்டு என் கண் நகரவில்லை. அவர் குனிந்தால் நானும் திரும்பினேன். மூடியைச் சுற்றி ஒரு கம்பியைக் கட்டி, முடிச்சு போட்ட விதத்தை மனதில் வைத்துக்கொண்டேன். முடிச்சு அப்படியே இருந்தது. எஞ்சின் மட்டும் நின்றது.

முதலாளியின் சந்தேகமோ என்மேல், பெட்ரோல் செலவும் கூடியிருந்தது. பெட்ரோலை வெளியே விற்றுவிட்டு அதற்குப் பதில் மண்ணெண்ணெய் கலக்கிறேன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் நான் தங்கியிருந்த சாளைக் குடிசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தார். மூலையிலிருந்த மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தார். எஞ்சின்காரன் சட்டையில் எண்ணெய் நாற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்? சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே படகுக்கு வந்துவிட்டார். பின்பக்கக் கூடைகளையெல்லாம் முன்னால் அடுக்கச் சொல்லி, டாங்கி மூடி கண்ணில் படும்படி பலகையை விட்டுத் தள்ளி நாற்காலி போட்டுக் குடையும் கையுமாக உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் நானும் தெரிவேன், சுக்கான்காரரும் தெரிவார். கிளப்பினேன். நிற்கக்கூடாதே என்று ஒரு மனசு, நின்றால் அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வாரே என்று ஒரு மனசு. எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் அக்கரைக்குப் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே.

கரை இறங்கும்போது அவர் மெதுவாகத்தான் சொன்னார்:

"நா இருந்தா ஓடுது. நா இல்லீன்னா நிக்குது. எஞ்சினுக்கு என்னையத் தெரியுமாப்பா?"

சுக்கான்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் போனால் அவர் சொன்னது மெய்யாகிவிடும். அவர் வார்த்தையையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவர் இருந்தபோது வேறு என்ன மாறியது? அதே பெட்ரோல், அதே நாங்கள். கூடைகள்தான் பின்னாலிருந்து முன்னால் போயிருந்தன.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். இன்னும் ஒரு தடவை வரவேண்டும், ஆனால் கூடைகள் பழையபடி பின்னால்தான் இருக்கவேண்டும், அவர் முன்னால் உட்காரவேண்டும் என்று கேட்டேன். பின்னால் வைத்து எதை மறைக்கப் போகிறேன் என்று யோசித்திருப்பார். ஆனாலும் வந்தார்.

நட்டாற்றில் எஞ்சின் இருமியது. அவரைக் கேஜைப் பார்க்கச் சொன்னேன். முள் நிறைவாக நின்றது. டாங்கிக்கு மேலிருக்கிற கூடைகளை நகர்த்தும்படி சுக்கான்காரரிடம் கத்தினேன். அவர் அசையாமல் முதலாளியைப் பார்த்தார். நானும் முதலாளியும் சேர்ந்து தன்னை எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறோம் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். முதலாளி கையைக் காட்டினார். கூடைகள் நகர்ந்தன. நிற்கப் போன எஞ்சின் சத்தம் நிமிர்ந்து எழுந்தது.

பலகையைப் பெயர்த்தேன். டாங்கியையும் செப்புக் குழாயையும் இணைக்க, எஞ்சின் பொருத்தியவர்கள் ஒரு சாண் ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். நான் அத்தனை தடவை ஊதிப் பார்த்தது செப்புக் குழாயைத்தான். ரப்பர் பெட்ரோலில் ஊறி ஊறி வேகவைத்த குடல்போல இளகிக் கிடந்தது. ஈரக் கூடைகளின் பாரத்தில் பலகை தாழ்ந்து அதை நசுக்கும். பாரம் இறங்கினால் அது உப்பிக்கொள்ளும்.

பலகையைத் திரும்பப் போட்டு, முதலாளியை அதன்மேல் காலை ஊன்றி அழுத்தச் சொன்னேன். எஞ்சின் இருமியது. எடுத்தார், ஓடியது. மறுபடி ஊன்றினார். ஆற்று நடுவில் அவர் இப்படி ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் காலை எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பெட்ரோலு அத்தன செலவானது?"

நின்று நின்று கிளப்பியதிலும், டாங்கியைக் காலி செய்து வடிகட்டியதிலும் வீணானதைச் சொன்னேன். "ம்" என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. சேலத்துக்குப் போய் முழுச் செப்புக் குழாய் வாங்கிவர என்னை அனுப்பினார். கூடவே தன் மச்சானையும் அனுப்பினார்.

புதுக் குழாய் மாட்டிய அன்று சுக்கான்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராகப் பேச்செடுத்தது அதுதான் முதல் தடவை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் என்னமோ பண்ணிப்போட்டு எம்மேல போடப் பாக்கறீங்கன்னு நெனச்சேனுங்க. டாங்கி மூடியில கம்பி கட்டுனதப் பாத்தேனுங்க."

நான் அவர் தம்பியைப் பற்றி நினைத்ததைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. "உங்க மேலயும் எனக்கு அப்படித்தான் இருந்ததுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி என்னிடம் நீட்டினார்.

அந்தத் தை வரைக்கும் எஞ்சின் ஒருநாளும் நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் தெரிய ஆரம்பித்ததும் படகைக் கரையேற்றினோம். அடுத்த ஆடிக்கும் என்னை வரச் சொன்னார் முதலாளி. வாரேன் என்றுதான் சொன்னேன். போகவில்லை. மல்லசமுத்திரத்தில் ஒரு அரவை மில்லில் இடம் கிடைத்தது. அங்கே முதலாளி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார், வந்தாலும் என் சட்டையைத் தொடமாட்டார்.