காட்டுகிற காசு

அக்கா இலண்டனுக்குப் படிக்கப் போக ஆயத்தமான வருடம், எங்கள் வீட்டுக் கணக்கில் முதன்முறையாகப் பெருந்தொகைக் காசு இருந்தது. உழவு இயந்திரத்தை விற்று அப்பா படிப்புக் கட்டணத்தின் முதல் பாதியைக் கட்டினார். அங்கே தங்கிச் சாப்பிட வசதி உண்டென்று விசாவுக்குக் காட்டுவதற்கு, புளியங்குளத்தில் கடை வைத்திருந்த பெரியப்பா தன் கைமுதலைக் கொஞ்ச நாளைக்கென்று வங்கியில் போட்டுத் தந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் பணக்காரராகிவிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

அந்தக் காசு ஒரு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அதற்குள் அக்காவின் வகுப்புத் தொடங்கிவிடும். போன பிறகு பகுதிநேர வேலை செய்து வாடகையைப் பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். படிப்புக்கு இவ்வளவு நேரம், வேலைக்கு இவ்வளவு நேரம், மிச்சம் நித்திரைக்கு. அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்தில்தான் அம்மாவின் வயிற்று நோ வெளியில் தெரிந்தது. நோ முன்பே வந்திருக்க வேண்டும். மறைக்க முடியாமல் போனது அப்போதுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் பிந்திய திகதிதான் கிடைத்தது. முடிந்தால் வெளியில் காசு கட்டிக் கெதியாக எடுங்கள், வயிற்றை வெட்டவும் வேண்டி வரலாம் என்றாராம் டொக்டர். கடன் கேட்கக்கூடிய எல்லோரிடமும் அப்பா ஏற்கெனவே கேட்டிருந்தார்.

“நாளைக்குப் போய் அந்தக் காசில எடுக்கிறன்” என்றார் அப்பா.

“எடுத்தா பிள்ளையின்ர ஒரு வருசம் போயிடும்” என்றார் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

“நான் அடுத்த முறை போறன் அம்மா” என்றாள் அக்கா.

“அதுவரைக்கும் பெரியப்பா காசை விட்டு வைப்பாரோ? ஒரு மாசம்தானே. நான் இருப்பன்.”

அடுத்த நாள் குசினியில் அடுப்பருகே அம்மா சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். “காசு இருக்குத்தானே அம்மா, ஏன் எடுக்கேல்லை?” என்று கேட்டேன்.

“அது காட்டுற காசு பிள்ளை. செலவழிக்கிற காசில்லை.”

காட்டுகிற காசு வேறு நிறத்தில் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விசா வந்த பிறகுதான் ஆஸ்பத்திரித் திகதியும் வந்தது. “பயப்பட ஒண்டுமில்லையாம்” என்று அம்மா அக்காவிடம் சொன்னார். உடன் போய் வந்த அப்பா ஸ்கேன் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அக்கா விமானம் ஏறினாள். பெரியப்பா தன் காசைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

தை மாதம், வயல் அறுத்து முடிவதற்குள் அம்மா செத்துப்போனார்.

அக்கா வரவில்லை. வந்து திரும்பும் செலவில் மிச்சக் கட்டணம் போய்விடும். “நீ நில் பிள்ளை. இப்ப வந்தா அம்மா பட்டதெல்லாம் வீணாப் போயிடும்” என்று அப்பா போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

செத்த வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்குக் கிடைத்தது. திரையில் அக்கா ஏதோ கடையின் சிவப்புச் சட்டையோடு, அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ” என்றாள். அம்மாவின் முகத்தருகே கொண்டுபோனேன். பிரேதத்தைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது அவளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். திரை இருண்டது. திரும்ப எடுத்தேன், பதில் இல்லை. அம்மா வாசல் படலையைத் தாண்டும்வரை அந்த இருண்ட திரையை அவர் பக்கமாகவே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வெகுநாள் அக்கா எடுத்தால் நான் பேசுவதில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்க்கக்கூட அவளுக்கு மனமில்லை என்று நினைத்திருந்தேன். கடையில் அவளுடைய இடைவேளை முடிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.