மே மாதத்து சஃபாரி

நாங்கள் ஆப்பிரிக்கா போகத் திட்டம் போட்டதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிங்கம் கிடக்கட்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த வண்டி.

கம்பெனி கேன்டீனில் டீ குடிக்கும்போது கூட வேலை செய்யும் ஒருத்தி போனில் வீடியோ காட்டினாள். பரந்த புல்வெளி, நடுவில் கூரை திறந்த ஜீப், உள்ளே ஒரு புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில். விடிந்ததும் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்கலாம், நடுவில் காலைக் கீழே வைக்கக் கூடாது, சிங்கம் இருக்கிறது என்று அதில் சொன்னார்கள். அடடா, இதுவல்லவா இடம்! என் வீட்டுக்காரரை ஒரு நாள் முழுக்க என் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டுமென்றால் சிங்கத்தைத்தான் காவல் போட வேண்டும்.

ஒரகடத்தில் நான் கார் சீட்டுக்கு உறை தைக்கும் லைனில் இருக்கிறேன். அவர் வேறொரு கம்பெனியில் பம்பர் வார்க்கும் மெஷினில். எனக்குப் பகல் என்றால் அவருக்கு இரவு, எனக்கு மாறினால் அவருக்கும் மாறிவிடும். எந்தப் பாவி போட்ட அட்டவணையோ! நான் ஷிஃப்ட் முடித்து பென்னலூர் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். காலையில் நான் போகும் பஸ்ஸும் அவர் திரும்பும் பஸ்ஸும் வல்லக்கோட்டை பக்கம் எதிரெதிரே கடக்கும். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையாட்டிக்கொள்வோம். அதுதான் எங்கள் குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தாலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வாரம் முழுக்கச் சேர்ந்த துணி, பாத்திரம், ஒட்டடை எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"இன்னாமே, கால்ல சக்கரமா கட்டிக்கினு கீறே? கொஞ்சம் குந்துமே" என்பார்.

"குந்துனா வேலைய யாரு பாக்கறது, உங்க மாமாவா?" என்பேன். நான் திரும்புவதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

அதனால்தான் ஆப்பிரிக்கா. அவரிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சிங்கம் பார்க்க ஆசை என்று சொல்லிவைத்தேன். மனுஷன் நம்பிவிட்டார்.

திட்டம் முழுக்க வாய்ஸ் நோட்டில்தான் நடந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒரு முறை வந்தபோது நான் மட்டும் இருந்தேன், இன்னொரு முறை வந்தபோது அவர் மட்டும் இருந்தார். "ரெண்டு பேரும் இந்த வூட்லதான் இருக்காங்களா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனாராம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கூட ஆளுக்கொரு நாள் தனித்தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். "கை வலிக்குதா?" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டை லைனில் தைத்துக்கொண்டே நாலு தடவை கேட்டேன்.

எங்கள் இரண்டு கம்பெனியும் ஒரே பெரிய கார் தொழிற்சாலைக்குச் சாமான் கொடுப்பவை. வருஷாந்திரப் பராமரிப்புக்காக அவர்கள் மே மாதம் ஒரு வாரம் மூடினால் எங்களுக்கும் ஷட்டவுன். இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். சென்னை டிராவல் ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடம், மே மாசம் அங்க மழை. புல்லு ஆள் உசரத்துக்கு வளந்துடும். மிருகம் கண்ணுல படறது கஷ்டம்."

"பரவால்ல சார். வண்டி இருக்கும்ல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்காரர் மட்டும் ஏஜென்ட் அனுப்பிய விதிமுறைகளை எனக்குப் படித்துப் படித்து அனுப்பினார். வண்டியில் எழுந்து நிற்கக் கூடாது. சத்தம் கூடாது. மிருகம் கிட்டே வந்தால் அசையக் கூடாது. "உன்ன ஏத்துனா சிங்கந்தான் தெறிச்சு ஓடப் போவுது" என்று முடிவில் சிரிப்பு வேறு.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், டீ பிரேக்கில் அவரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலே சரியில்லை.

"புது கஸ்டமர் வந்துட்டான்மே. எங்களுக்கு ஷட்டவுன் இல்லியாம். யாருக்கும் லீவும் இல்லன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க."

"அப்போ?"

"நீ போய்ட்டு வா. தனியா வர்ற லேடீஸ் நெறைய பேரு கீறாங்களாம், கேட்டுட்டேன். ஆசப்பட்டியே, சிங்கத்த பாத்துட்டு வா."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"யோவ், யாருக்குய்யா வேணும் சிங்கம்? வண்டலூர் ஜூல போய் பாத்துக்க மாட்டேனா? ஆறு நாள் உன் பக்கத்துல குந்திக்கினு இருக்கணும்னுதான்யா இவ்ளோ அலைஞ்சேன். நீ இல்லாத வண்டியில ஏறி நான் இன்னா பண்றது?"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் சோறு வடித்து மூடி வைத்திருந்தார். வாய்ஸ் நோட் ஒன்றும் வரவில்லை. ஏன்டா கத்தினோம் என்று இருந்தது, கத்தினது சரிதான் என்றும் இருந்தது. சாப்பிடப் பிடிக்காமல் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்கினேன்.

மறுநாள் காலை வல்லக்கோட்டை பக்கம் அவர் பஸ் வந்தது. ஜன்னலில் அவர் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மெஷினில் கையை விட்டுக்கொண்டாரோ, என் மேல் கோபமோ, என்னென்னவோ நினைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் இறங்கினால், எதிர் டீக்கடையில் நிற்கிறார். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போன எடுக்க மாட்டியா? செத்தேன்னு நெனச்சியா?"

"சைலன்ட்ல கீதுமே. லீவ் போடு."

"திடீர்னு எப்படிய்யா?"

"நான் ஆறு நாள் கேட்டேன், தரல. நீ ஒரே ஒரு நாள் கேளு."

சூப்பர்வைசருக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன். வீட்டுக்காரர் இட்லி பார்சல் வாங்கினார். ஷேர் ஆட்டோ பிடித்து வடக்குப்பட்டு பக்கம் இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தோம். தண்ணீர் பாதிதான் இருந்தது, அக்கரையில் ஏதோ கம்பெனியின் நீலக் கூரை தெரிந்தது. வேப்பமரத்தடியில் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்குச் சிங்கம்னா பயம்மே. உனக்காகத்தான் ஊசியெல்லாம் போட்டுக்கினேன்" என்றார். பேசிக்கொண்டே என் தோளில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

டிக்கெட் பணம் திரும்புமா என்று ஏஜென்ட்டிடம் கேட்கவேண்டும். வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று உடம்பு முழுக்கப் பரபரத்தது. அந்த நேரம் பார்த்து எருமை ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி, சேறு சொட்டச் சொட்ட நேராக எங்களிடம் வந்தது. என் மடியில் இருந்த இட்லி இலையை முகர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் நான் போடும் கூச்சலில் அது ஒரகடத்துக்கே ஓடியிருக்கும்.

இலையைத் தின்றது, புடவைத் தலைப்பையும் கொஞ்சம் சப்பியது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் அசையவே இல்லை.