பஸ்காரியின் பிரஷர்

நாற்காலியில் உட்கார்ந்ததும் பஸ்காரி இடது காலால் இல்லாத கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறாள். அதன் பிறகே பிரஷர் மிஷினின் பட்டையை முழங்கைக்கு மேலே சுற்றிக்கொள்கிறாள். பட்டை புடைக்கத் தொடங்கினால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "மூச்ச விடுடி, மயங்கி விழுந்துடப் போறே" என்பார் அம்மா, சமையலறையிலிருந்து. "பார்க்கறப்ப பேசக் கூடாதும்மா" என்று இவள் பதில் பேசுவாள். எண் ஏறிவிடும்.

அவளுக்கு இருபத்தொரு வயது. அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பஸ்காரி என்று பெயர் வைத்தவர் அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி, அந்த வீட்டிலேயே இருப்பவர். அவள் பெரிய பஸ் ஓட்டப் பழகுகிறாள். தெருவில் நடக்கும்போதுகூட முனையில் அகலமாக வளைந்துதான் திரும்புவாள், முதுகுக்குப் பின்னால் இன்னும் முப்பதடி வண்டி வருவதுபோல. குறுக்கே வரும் குழந்தைகளிடம், "ஓரமா வா கண்ணு, அங்க நின்னா கண்ணாடியில தெரிய மாட்டே" என்பாள்.

லைசென்ஸுக்கான உடற்பரிசோதனையில் பிரஷர் அதிகம் என்று வந்தது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. "இங்க வந்த பயத்துல ஏறியிருக்கலாம், நிஜமாவும் இருக்கலாம். வீட்ல ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பாரு. மிஷினை அப்படியே கொண்டுவா, அதுல வர்ற சராசரியப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாராம். சராசரி அதிகமாக இருந்தால் மேற்கொண்டு சோதனைகள், ஒருவேளை மாத்திரை. அதுவரை ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

"இந்த வயசுல எனக்கு எப்படிப் பிரஷர் வரும்?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு மொழிகளில் தேடிப் படித்தேன். இளவயதிலும் வரும், அலட்சியம் கூடாது என்றது ஒன்று. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம் என்றது இன்னொன்று. இரண்டையும் சொன்னேன்.

"அப்ப பதறணுமா, வேணாமா?" என்றாள்.

மிஷினுக்கு அந்த வாரம் ஓய்வே இல்லை. மாமா மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு ஒருமுறை பார்த்தார், டீ குடித்துவிட்டு ஒருமுறை பார்த்தார். அம்மா அதை மிக்ஸியைத் துடைப்பதுபோல் துடைத்துவைப்பார். யாரும் இல்லாதபோது அவரும் பார்த்துக்கொண்டார். இரண்டு பேருடைய கணக்கைத் தனித்தனியே வைத்துக்கொள்ள அதில் வழி இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒரே பொத்தானைத்தான் அமுக்கினார்கள்.

டாக்டரிடம் போக வேண்டிய காலையில்தான் இது தெரியவந்தது. துணைக்குப் போக நானும் கிளம்பி நின்றேன். சராசரி அதிகமாகத்தான் இருந்தது. பஸ்காரி பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நல்ல எண் வரும்போதெல்லாம் சொந்தம் கொண்டாட மாமா இருந்தார்.

"அது நான் பார்த்தது."

"இதுவும் உன்னோடதா மாமா? அப்ப இந்த நூத்தி அறுபத்தெட்டு யாரோடது?"

"என்னோடது இல்ல. நான் டென்ஷனே ஆகாத ஆளு."

"வேலைக்குப் போனாத்தானே டென்ஷன் ஆகறதுக்கு" என்றார் அம்மா.

"உன்னோடதாம்மா?"

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்."

"எனக்கு ஒண்ணுமே புரியல. இது என் பிரஷரா, இந்த வீட்டுப் பிரஷரா?"

மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெரிய எண்கள் ஏழெட்டு இருந்தன. அவை தன்னுடையவையாக இருக்கக் கூடாது என்றுதான் வாரம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தாள். தன்னுடையவை இல்லையென்றால், அவை எதிரே நிற்கும் இருவரில் ஒருவருடையவை. மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாத்தையும் அழிச்சிடு. புதுசா ஒரு வாரம் பார்த்தாப் போச்சு" என்றார் மாமா. "நேரமாகுது, கிளம்பு" என்றார் அம்மா, திரும்பாமலே.

பஸ்காரி கிளம்பவில்லை. சமையலறைக்குள் போய் அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி மாமாவிடம் கொடுத்தாள். அம்மாவைத் தோளைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பட்டையைச் சுற்றி மிஷினை ஓடவிட்டாள். அது புடைத்து, மெல்லத் தளர்ந்தது. எண் வந்து நிற்பதற்குள் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.