சாய்ந்த மீட்டரும் சரசு அக்காவும்: மெர்லிமாவில் இரண்டு நாள்

போன ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை மெர்லிமாவுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் பெரியம்மா மகள் சரசு அக்கா, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் குருபோங்கில் குடியேறுவதென்று முடிவு செய்து, அங்கே ஒரு வாடகை வீட்டையும் போனிலேயே பேசி வைத்திருந்தார். அதைப் பார்த்துச் சொல்வதும் அவருடைய சாமான்களை என் காடியில், அதாவது காரில், ஏற்றுவதும் என் வேலை. நான் ஷா ஆலாமில் தண்ணீர் மீட்டர் சோதிக்கும் கூடத்தில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். இந்தப் பயணத்தில் அது உதவும் என்று அப்போது எனக்கே தோன்றவில்லை.

அக்கா ஏன் கிளம்புகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த லயத்தில் வரிசையாகப் பதினெட்டு வீடுகள். நுழைவாயிலில் தண்ணீர்க் கம்பெனியின் பெரிய மீட்டர் ஒன்று, உள்ளே குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு வீடு பொருத்திய சின்ன மீட்டர்கள். ஆறு மாதமாகக் கணக்கு இடிக்கிறது. பதினெட்டு வீட்டு மீட்டர்களையும் கூட்டினால் வருவதைவிடப் பெரிய மீட்டர் மாதம் ஐம்பத்தெட்டு கன மீட்டர் அதிகம் காட்டுகிறது. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். அவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது? லயத்துக்காரர்கள் யோசித்து, சரசு அக்கா மேல் கையைக் காட்டிவிட்டார்கள். அவர் தோசை மாவு அரைத்துப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிறார், தண்ணீர் நிறைய வேண்டும், மீட்டருக்கு முன்னாலேயே திருட்டுக் குழாய் போட்டிருப்பார் என்று பேச்சு. இருபது வருஷமாகக் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைத்த கை அது. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. இந்த முறை கரண்டியைத் தொடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார்.

காலை ஆறரைக்கு ஷா ஆலாமில் கிளம்பினேன். நெடுஞ்சாலையை விட்டு ஆயர் குரோ வெளிவாசலில் இறங்கி குருபோங் போய்ச் சேர எட்டரை. டோல் பதினைந்து வெள்ளிக்குப் பக்கம், பெட்ரோல் போக வர நாற்பது வெள்ளி. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடு. மூன்று அறை, நல்ல காற்று, குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கம்போல முதலில் மீட்டரைத்தான் பார்த்தேன். தரைக்கு இணையாக, படுக்கை மட்டத்தில் ஒழுங்காக இருந்தது. ஆனால் கிரைண்டர் போட இடமில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில். அக்கா இங்கே எப்படி இருப்பார் என்று நினைத்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. முனையில் இருந்த கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ, ஆறு வெள்ளி. ரொட்டி மொறுமொறுவென்று இருந்தது, கவலையோடு சாப்பிட்டும் ருசித்தது.

குருபோங்கிலிருந்து மெர்லிமாவ் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். சனிக்கிழமை காலையில் டவுனில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும், பொறுமையாக ஓட்டுங்கள். டவுனைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் போனால் லயம். கொடிகளும் வாழை மரமும் கட்டி, ஒலிபெருக்கி சோதனை நடந்துகொண்டிருந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று யாரோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் காப்பி கலக்கப் போய்விட்டார், கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு.

"வீடு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா. உங்க கிரைண்டருக்குத்தான் இடமில்ல."

"அதுக்கென்னா பண்றது? களவாணின்னு சொல்ற எடத்துல இருந்து மாவு ஆட்டணுமா? எனக்கு வேணாம்லா."

எனக்கு வந்த கோபத்தில் காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தபோது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் லயத்தின் ஒரு முனையிலிருந்து ஊர்ந்து வந்தது. சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணன், அறுபத்தைந்து வயது, மாதக் கணக்கு எடுக்கிறார். அவர் எடுத்த விதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு காலை ஊன்றி நிற்பார், மீட்டரைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், அடுத்த வீட்டுக்கு நகர்வார். தரையோரம் படுத்திருக்க வேண்டிய மீட்டரை வண்டியில் உட்கார்ந்தபடி எப்படிப் படிக்க முடியும்? கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லா மீட்டரும் பக்கவாட்டில் திருப்பப்பட்டு, முகம் சந்துப் பக்கம் பார்த்தபடி நின்றன.

"அண்ணே, இது யாரு திருப்புனது?"

"நாந்தான்மா. தைப்பூசத்துல காவடி தூக்குனதோட முட்டி போச்சு. குனிய முடியல. ஸ்பேனர் எடுத்து ஒரே நாள்ல பதினேழையும் திருப்பிட்டேன்." அவ்வளவு பெருமை முகத்தில்.

"பதினெட்டுல்ல?"

"சரசு வீட்டு மீட்டர் குசினிக்குப் பின்னால இருக்கு, வண்டி போகாது. அவங்களே நம்பர் எழுதிக் குடுப்பாங்க. அதான்மா சந்தேகமே. நம்ம கண்ணுக்குத் தெரியாத மீட்டர் அது ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. தைப்பூசம் முடிந்து ஆறு மாதம். கணக்கு இடிப்பதும் ஆறு மாதமாக.

இங்கே கொஞ்சம் என் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை வீட்டு மீட்டரின் முகத்தில் 'H' என்று ஓர் எழுத்து இருக்கும். படுக்கை மட்டத்தில் வைத்தால் மட்டுமே சரியாகக் காட்டும் என்று அர்த்தம். உலக அளவில் எழுதி வைத்த தரம் இது. சாதாரண ஓட்டத்தில் நூற்றுக்கு இரண்டு, ரொம்ப மெதுவான ஓட்டத்தில் நூற்றுக்கு ஐந்து, அதற்கு மேல் தவறு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சாய்த்தால் உள்ளே சுழலும் சக்கரம் ஒருபுறமாக உராயும். குழாயை நன்றாகத் திறந்தால் அப்போதும் ஓடும். தண்ணீர் மெலிசாக வந்தால் சக்கரம் அசையாமல் நின்றுவிடும்.

லயத்தில் தண்ணீர் எப்போதும் மெலிசாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே அப்படித்தான் பிடிப்பார்கள். பகலில் அழுத்தம் குறைவு. அதனால் குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டி நீலப் பிளாஸ்டிக் பீப்பாயான தோங்குக்குள் தொங்கவிட்டு, நூல் போல ஒழுகவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது நூற்றிருபது லிட்டர் தோங் நிரம்பியிருக்கும். மீட்டர் வருவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். அக்கா மட்டும் அப்படிச் செய்வதில்லை. அரிசி களைய நூல் தண்ணீர் போதாது, குழாயை முழுக்கத் திறப்பார்.

என் காடியில் எப்போதும் ஒரு பத்து லிட்டர் அளவுக் குவளை கிடக்கும். கணவர் கேலி செய்வார், மற்ற பெண்கள் குடை வைத்திருக்கிறார்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு மீட்டரைச் சோதிச்சுப் பாக்கலாமா?" என்றேன். பெரிய மீட்டரைத் தொடவில்லை, அது கம்பெனி முத்திரை வைத்தது. வீட்டு மீட்டர்கள் சங்கத்துடையவை.

"என் வீட்டுதையே பாரு. அதுதான் லயத்துலயே சுத்தமான மீட்டர்," என்றார்.

அவர் வீட்டுக் குழாயில் நூல் தண்ணீர் விட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது, தோரணம் கட்டியவர்கள் ஏணியோடு வந்து நின்றார்கள். குவளை நிரம்ப இருபது நிமிடம். மீட்டரின் நடுவில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பத்து லிட்டர் வழிய வழிய நிற்கிறது, மீட்டரில் சைபர். பிறகு எல்லோரும் அக்கா குசினிக்குப் பின்னால் போனோம். அதே குவளை, அதே நூல் தண்ணீர். படுத்திருந்த அந்த மீட்டரில் நட்சத்திரம் மெள்ள மெள்ளச் சுற்றி, ஒன்பது லிட்டர் தொள்ளாயிரம் மில்லியில் நின்றது. கடைசியாக முனியாண்டி அண்ணன் மீட்டரைப் படுக்க வைத்து மறுபடி சோதித்தேன். ஒன்பது லிட்டர் எண்ணூறு.

அண்ணனின் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். பதினேழு வீடு, வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு தோங், முப்பது நாள். அறுபத்தோரு கன மீட்டர். வீட்டு மீட்டர்கள் பார்க்காமல் விட்ட நூல்கள் பதினேழும் ஒன்று சேர்ந்து ஓடும்போது பெரிய மீட்டர் பார்த்துவிடுகிறது. காணாமல் போன தண்ணீர் அவரவர் தோங்கில்தான் இருந்தது.

ஏணிக்காரர் ஒருவர், "அப்ப நம்ம எல்லாருந்தான் எடுத்திருக்கோம். சரசுதான் எடுக்கல," என்றார்.

முனியாண்டி அண்ணன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, நொண்டி நொண்டி நடந்து கோயில் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"லயத்துக்காரங்களுக்கு ஒரு அறிவிப்பு. சரசு மேல ஒரு தப்பும் இல்ல. மீட்டரைச் சாய்ச்சது நான், முனியாண்டி. வாய்க்கு வந்தபடி பேசுனதும் நான். சரசு, மன்னிச்சிடுமா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் சொன்னார், "காது சரியா கேக்கல. இன்னொரு தரம் சொல்லச் சொல்லு." நன்றாகக் கேட்டிருந்தது, எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் மறுபடியும் சொன்னார், இந்த முறை மெர்லிமாவ் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "மாலா, குருபோங் வீட்டுக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடு. மொதல்ல அந்தப் பருப்பு மூட்டையத் தூக்கு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகை. பருப்பு மூட்டை கனமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு மீட்டரும் படுத்துவிட்டன. குனிந்து படிக்கும் பொறுப்பை ஏணிக்காரர் ஏற்றுக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடித் திருவிழா ஞாயிறுகளில் மெர்லிமாவ் பக்கத் தோட்டக் கோயில்களில் அன்னதானம் பன்னிரண்டரைக்குத் தொடங்கும், யார் போனாலும் இலை உண்டு. காடி நிறுத்த பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். செம்பனைச் சாலையில் போன் சிக்னல் விட்டு விட்டு வரும். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் கோலா சுங்கை பாருவுக்குச் சுற்றிக்கொண்டு போங்கள், அறுபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கருவாடு வாங்கலாம், கடற்கரையில் சும்மா உட்காரலாம். வீட்டில் இருக்கும்போது உங்கள் மீட்டரையும் ஒருமுறை பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடியபின் நட்சத்திரம் சுற்றினால் எங்கோ கசிவு. முகத்தில் 'H' இருந்து மீட்டர் சாய்ந்திருந்தால், சங்கத்துக்கோ கம்பெனிக்கோ சொல்லுங்கள். நீங்களே ஸ்பேனர் எடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்ட லயம், ஒரு குவளைத் தண்ணீர் பிடித்துப் பார்க்க இருபது நிமிடம் ஒதுக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் ஒதுக்கியிருப்பேனா என்று கேட்டால், குவளை காடியில் இருந்தும் ஆறு மாதம் நானும் போகவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை பந்தி முடிய இரண்டரை ஆனது. அக்காவைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவர் இலையிலும் அக்கா தன் கையாலேயே சாம்பார் ஊற்றினார். முனியாண்டி அண்ணன் மூன்று முறை கேட்டு வாங்கினார். பிறகு அண்டாக்களைக் கழுவ அக்கா வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்தேன். லயத்துப் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னவோ, குழாயை லேசாகத் திறந்தேன். பின்னால் அக்காவின் குரல் வந்தது.

"என்னாடி கஞ்சத்தனம்? முழுசாத் தொறந்து கழுவு. எம்பேர்ல ஓடட்டும்!"